மன்னார் காற்றாலை: நிலம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

இலங்கையின் மன்னார், பூநகரி ஆகிய இரு இடங்களிலும் சேர்த்து 484 மெகாவாட் காற்றாலை அமைக்க, இந்தியாவின் அதானி கிரீன் எனர்ஜி நிறுவனம் திட்டமிட்டது. முதலீடு 44 கோடி டாலர். யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சென்ட் வீதம் 20 ஆண்டுகளுக்கு மின்சாரம் வாங்க, 2024 மே மாதம் இலங்கை அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இந்த விலை அதிகம் என்று அடுத்து வந்த அரசு குறைக்கக் கேட்டது. 2025 பிப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது.

கொழும்பில் பேசப்பட்டது விலை. மன்னாரில் பேசப்பட்டது தண்ணீர்.

மன்னார்த் தீவு தாழ்வான மணல் பூமி. பனையும் மீன்பிடியும் அங்குள்ள பிழைப்பு. வலசைப் பறவைகள் ஆண்டுதோறும் வந்து தங்கும் இடமும் அதுவே. இதைக் காட்டிச் சுற்றுச்சூழல் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் சென்றன. அதற்கு முன்பே, 2020 டிசம்பரில், இலங்கை மின்சார சபையின் 'தம்பபவனி' காற்றாலை அங்கே திறக்கப்பட்டிருந்தது. 30 காற்றாடிகள், 103.5 மெகாவாட். அதன்பிறகு மழைநீர் வடிவதில்லை என்பது ஊர்மக்களின் புகார். அதானி விலகிய பிறகும், வேறு காற்றாலைகளை எதிர்த்து 2025 ஆகஸ்டில் அங்கே போராட்டம் நடந்தது.

தூண் நிற்கும் இடம் சிறியது. சுற்றிலும் பயிர் செய்யலாம். ஆனால் இறக்கைகளையும் கிரேனையும் கொண்டு செல்ல மண் கொட்டி மேடாக்கும் பாதை, நீரோட்டத்தின் குறுக்கே விழுந்தால் கரையாகிவிடும். குழாய்ப் பாலம் போதாவிட்டால் பக்கத்து வயலில் நீர் தேங்கி, பயிரின் வேர் அழுகும்.

தமிழ்நாட்டிலும் காற்றாலைக்கு நிலம் கேட்டு வருகிறார்கள். கையெழுத்துக்கு முன் விவசாயிகள் கேட்க வேண்டியவை:

• விற்பனையா, குத்தகையா? குத்தகை ஓராண்டுக்கு மேல் என்றால் பத்திரப்பதிவு கட்டாயம்.
• பாதையும் கேபிளும் எந்த சர்வே எண் வழியாகப் போகின்றன? வரைபடம் பத்திரத்தோடு இணைக்கப்படுமா?
• ஓடை, வாய்க்கால் குறுக்கிடும் இடங்களில் குழாய்ப் பாலம் யார் செலவில்?
• கட்டுமானத்தில் பயிர் சேதமானால் இழப்பீடு எவ்வளவு?
• நிறுவனம் கைமாறினால் வாடகைக்கு யார் பொறுப்பு?
• ஆயுள் முடிந்ததும் தூணையும் கான்கிரீட் அடித்தளத்தையும் அகற்றுவது யார்?

வாய்வார்த்தை பத்திரமாகாது. மழைக்காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை வந்தவரை அழைத்துப்போய்க் காட்டுங்கள். அது வரைபடத்தில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.