பழைய வானொலிப் பெட்டிக்கு மெருகிடல்

இலங்கையில் 1925ஆம் ஆண்டில் வானொலி ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. அதன்பின் நம்மவர் இல்லங்களிற் புகுந்த வால்வு வானொலிப் பெட்டிகளுட் சில இன்றும் விறாந்தை மூலைகளில் எஞ்சியுள்ளன. அவற்றைப் புதுப்பிக்க விழைவோர், தச்சரை அழைத்து, "நன்றாகத் தேய்த்துப் பொலிஷ் போடுங்கள்" என்று சொல்லி ஒப்படைத்து விடுகின்றனர். இவ்வொரு சொல்லே பல பெட்டிகளுக்கு இயமனாக முடிந்திருக்கின்றது.

அப்பெட்டி ஒரே மரத்தாலானதன்று. உடல் பெரும்பாலும் ஒட்டுப்பலகை. அதன்மேல் வால்நட் முதலிய உயர்ந்த மரத்தின் ஏடு ஒட்டப்பட்டிருக்கும். அவ்வேடு ஒரு மில்லிமீற்றரிலும் மெல்லியது. கதவையும் மேசையையும் தேய்த்துப் பழகிய கை இங்கே அரத்தாளை அழுத்துமாயின், முதலில் விளிம்புகளிலும் வளைவுகளிலும் அடிப்பலகை வெளிப்படும். அவ்விழப்புக்கு மருந்தில்லை. மேலும், ஓரங்களிற் காணும் கருநிறம் பலவற்றில் மரத்தின் நிறமன்று; மெருகிற் கலந்து தெளிக்கப்பட்ட சாயமே. மெருகை உரித்தால் அதுவும் உடன் போய்விடும். எனவே உரித்தலை இறுதி வழியாகவே நாம் கொள்ளுகின்றோம்.

முதலில் மின்னிணைப்பை அகற்றி, விடயமறிந்தவரைக்கொண்டு உள்ளுறுப்புகளை வெளியே எடுத்தல் வேண்டும். இணைப்பு நீங்கிய பின்னும் கொண்டென்சர்களில் மின் தங்கியிருக்கும். பின்னர், சவர்க்கார நீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியாற் பெட்டியைத் துடைக்க. சாம்பிராணிப் புகையும் கைப்பிசுக்கும் நீங்கியதும், "மெருகு கெட்டது" என்று நாம் எண்ணிய பெட்டி பெரும்பாலும் தன் நிறத்தைத் தானே காட்டும்.

அது போதாதாயின் மெருகு எவ்வகையினது என அறிதல் வேண்டும். கண்ணிற் படாத அடிப்புறத்திலே ஸ்பிரிட் தோய்ந்த பஞ்சை வைக்க. கரைந்து ஒட்டுமாயின் அது அரக்கு மெருகு. ஸ்பிரிட்டுக்கு அசையாது தின்னருக்குக் கரைவது நைட்ரோசெலுலோசு லக்கர். தொழிற்சாலைப் பெட்டிகளிற் பெரும்பாலும் காணப்படுவது இதுவே. இவ்விரண்டையும் உரிக்காமலே, அவ்வவற்றுக்குரிய திரவத்தை மென்மையாகப் பூசி, வெடிப்புகள் இளகி ஒன்றுசேரச் செய்யலாம். பொறுமையற்றவர் இதிற் கைவையாதிருத்தல் நன்று.

ஏடு கிளம்பிய இடத்தில் பழைய வச்சிரப் பசையாயின், ஈரத்துணியை விரித்து இளஞ்சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தெடுத்தால் பசை இளகும். உடனே பாரமேற்றி அழுத்தி வைக்க. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மெருகிடல் ஆகாது. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்புக் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதிற் படிந்து மெருகு வெண்மை பூக்கும். பங்குனி, சித்திரை வெயிற்காலமே உகந்தது. ஆயினும் பெட்டி நிழலிலேயே இருக்க வேண்டும்.

உறுப்புகளை மீளப் பொருத்துகையில் ஒன்று: சிலவகைப் பெட்டிகளில் உள்ளிருக்கும் இரும்புத் தட்டு வீட்டு மின்னோடு நேரே தொடர்புடையது. அவற்றின் குமிழ்களிலுள்ள திருகாணித் துளைகளை மெழுகால் அடைத்திருப்பர், விரல் உலோகத்திற் படாதிருத்தற் பொருட்டு. அழுக்கென்று அதனை நீக்கியிருப்பின், மெழுகை உருக்கி மீண்டும் அடைத்த பின்னரே மின்னிணைப்பைக் கொடுக்க.