டிராக்டரில் ஓடிய அச்சகம்

உத்தியோக மாற்றலில் சில வருஷங்கள் பஞ்சாபில் குடியிருந்தவன் நான். எழுத்துக் கூட்டி ஹிந்தி படிக்கப் பழகியது அங்கே 'பஞ்சாப் கேசரி' நாளிதழில்தான். அதை நிறுவிய லாலா ஜகத் நாராயணைப் பற்றி நம் சங்கத்து அன்பர்கள் அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

1899-இல் வஜீராபாத்தில் பிறந்தவர். லாகூரில் சட்டம் படிக்கையில், 1920-இல் காந்திஜியின் அழைப்பை ஏற்றுப் படிப்பை உதறிச் சிறை சென்றார். பிரிவினை அவரை அகதியாக்கியது. ஜலந்தரில் வந்து ஒதுங்கியவர், 1948-இல் 'ஹிந்த் சமாச்சார்' தொடங்கினார். அதுவும் உருதுவில்! படித்த பஞ்சாபி ஹிந்துக்கள் பலருக்கும் அன்று கைவந்த எழுத்து அதுதான். அடுத்த தலைமுறை தேவநாகரி படித்து வளர்ந்ததும், 1965-இல் ஹிந்தியில் 'பஞ்சாப் கேசரி' வந்தது.

இடையில் பஞ்சாபின் கல்வி அமைச்சர். பின்பு காங்கிரஸை விட்டு விலகி, 1964 முதல் 1970 வரை மாநிலங்களவை உறுப்பினர். பதவிகள் வந்தன, போயின. பேனா மட்டும் கையிலேயே இருந்தது.

1974-இல் அவர் எழுத்து பொறுக்காத மாநில அரசு அச்சகத்துக்கு மின்சாரத்தைத் துண்டித்தது. மனிதர் அசரவில்லை. ஒரு டிராக்டரைக் கொண்டுவந்து, அதன் எஞ்சினை வைத்தே அச்சு இயந்திரத்தை ஓட்டினார்! பஞ்சாபில் டிராக்டருக்கா பஞ்சம்? மறுவருஷம் நெருக்கடி நிலையில், 76 வயதில், மீண்டும் சிறை.

எனக்கு உடன்பாடில்லாத ஒன்றும் உண்டு. 1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் பஞ்சாபி பேசும் ஹிந்துக்கள் தாய்மொழி ஹிந்தி என்றே பதியவேண்டும் என்று அவர் தரப்பு வற்புறுத்தியது. எந்த ஊருக்கு மாற்றலானாலும் பிள்ளைகளின் பள்ளி விண்ணப்பத்தில் 'தாய்மொழி தமிழ்' என்று எழுதிப் பழகிய நமக்கு இது ஜீரணமாகாது. இத்தனைக்கும் 1978-இல் குருமுகி எழுத்தில் 'ஜக் பாணி' என்ற பஞ்சாபி நாளிதழைத் தொடங்கியதும் அதே குடும்பம்தான்!

அவருக்கு எழுத்திலேயே பதில் சொல்லியிருக்கலாம். சொன்னது துப்பாக்கி. 1981 செப்டம்பர் 9 அன்று, லூதியானா அருகே காரில் வரும்போது சுட்டுக் கொன்றார்கள். வயது 82.

மகன் ரமேஷ் சந்தர் பொறுப்பேற்றார். 1984 மே 12-இல் அவரையும் சுட்டார்கள். அதோடு விடவில்லை, பத்திரிகை ஊழியர்கள், வீடு வீடாகப் பேப்பர் போடுகிறவர்கள் என்று கொலைப் பட்டியல் நீண்டது. போலீஸ் காவலோடு பேப்பர்க் கட்டுகள் ஊர் ஊராகப் போன நாட்களும் உண்டு. பேப்பர் வந்துகொண்டுதான் இருந்தது.