யாழ் மேல் என்ன குற்றம்?

தருமபுரம் என்றதும் பலர் மயிலாடுதுறை ஆதீனத்தை நினைத்துக்கொள்வார்கள். நான் சொல்வது காரைக்காலை ஒட்டிய தருமபுரம், யாழ்மூரிநாதர் ஊர். சம்பந்தர் பதிகத்தின் பெருமையெல்லாம் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் வாசிப்பால் வந்தது என்று பாணரின் சுற்றத்தார் பேசினார்களாம். பாணர் கூசிப்போய், யாழில் அடங்காத பதிகம் ஒன்று பாடும்படி வேண்ட, சம்பந்தர் பாடினார். வாசிக்க முடியாமல் திணறிய பாணர் யாழையே உடைக்கப் போனார், சம்பந்தர் தடுத்தார் என்பது தலபுராணம்.

குழந்தைகளின் உடல்பருமனுக்கு யார் பொறுப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அந்த யாழ் நினைவுக்கு வரும். பழி எப்போதும் கைக்கெட்டும் பொருள் மேல்தான் விழும். இந்த விஷயத்தில் கைக்கெட்டுகிறவள் தாய். "புள்ளைக்கு என்னம்மா குடுக்கிறீங்க?" என்று டாக்டர் அறையில் கேள்வி வருவது அவளிடம்தான். மூன்று வயதில் "கொழுகொழுன்னு நல்லா வளர்த்திருக்கே" என்று மெச்சிய அத்தையே பத்து வயதில் "ஏண்டி இப்படி விட்டுட்டே?" என்பார்.

லான்செட் இதழில் 2024-ல் வெளியான உலகளாவிய ஆய்வின் மதிப்பீட்டைப் பாருங்கள். இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் உடல்பருமன் உள்ளவர்கள் 1990-ல் சுமார் 4 லட்சம் பேர். 2022-ல் சுமார் 1.25 கோடி. முப்பது மடங்கு. இந்த 32 ஆண்டில் நம் தாய்மார்கள் முப்பது மடங்கு அசிரத்தை ஆகிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா?

மாறியது வேறு. முதலில் உடல் கதை. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் நம் பச்சிளங்குழந்தைகளைப் பிரிட்டிஷ் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். நம் குழந்தைகள் எடையில் குறைவு, தசையும் குறைவு. தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரியும் உடம்புக்குள் கொழுப்பு. அதனால்தான் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-ல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில் வரம்பு தாழ்வாக இருக்கிறது. பெரியவர்களுக்கு உடல் நிறை குறியீடு 25 என்றால் அதிக எடை, 30 என்றால் பருமன் என்பது உலகக் கணக்கு. நம் பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ப, பெரியவர்களின் 23, 27 ஆகியவற்றுக்கு இணையான அளவுகளே எல்லை. தலைமுறை தலைமுறையாக அரைவயிறு உண்டவர்கள் கருவில் இருந்த பிள்ளைக்கு விட்டுப்போன சொத்து அந்த மறைந்த கொழுப்பு. பாட்டி "புள்ள இளைச்சுப் போச்சு" என்று இன்னொரு கரண்டி நெய் ஊற்றுவதும் அதே பசியின் நினைவுதான். அவரைக் கோபிக்க எனக்கு மனம் வராது.

அப்புறம் கடை. பெட்டிக்கடையில் சரம்சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகள் பிள்ளையின் கைக்காசுக்கு அளந்து செய்தவை. 100 மில்லி குளிர்பானத்தில் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கும். கால் லிட்டர் குடித்தால் 25 கிராம். பெரியவருக்கே ஒரு நாளுக்கு அதற்கு மேல் சேர்ப்புச் சர்க்கரை வேண்டாம் என்பது நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அறிவுரை. இந்தக் கணக்கு பாட்டிலின் பின்பக்கம் எறும்பெழுத்தில் கிடக்கிறது. சிலி நாட்டில் 2016 முதல் பாக்கெட்டின் முகப்பிலேயே கறுப்பு எண்கோணம் போட்டு 'சர்க்கரை அதிகம்' என்று எச்சரிக்கிறார்கள். இங்கே 2022-ல் எச்சரிக்கைக்குப் பதிலாகப் பண்டத்துக்கு நட்சத்திர மதிப்பீடு தரும் வரைவு ஒன்று வந்தது. எச்சரிக்கை முத்திரை கேட்டவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

அரசின் கணக்கும் ஒரே திசையில் ஓடுவதில்லை. 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகள் எல்லாம், எந்தப் பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் 'சர்க்கரைப் பலகை' வைக்க வேண்டும் என்றது. 4 முதல் 10 வயதுப் பிள்ளைகளின் அன்றாட ஆற்றலில் 13 சதவீதம் சர்க்கரையிலிருந்து வருகிறது, 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று அந்தச் சுற்றறிக்கை எச்சரித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம் மீதான ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. குளிர்பானத்துக்கு 40 சதவீதம் வைத்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

காரைக்கால்காரர்களுக்கு நினைவூட்ட ஒன்று உண்டு. இன்றைய புதுச்சேரிப் பிரதேசத்தில் பள்ளி மதிய உணவை 1930-லேயே பிரெஞ்சு நிர்வாகம் தொடங்கிவிட்டது. பசித்த பிள்ளையைப் பார்த்து 'உன் அம்மா சரியில்லை' என்று யாரும் சொல்லவில்லை, சோறு போட்டார்கள். மெலிந்த பிள்ளை ஊர்ப் பொறுப்பு என்றால், பருத்த பிள்ளை மட்டும் எப்படி வீட்டுக் குற்றம் ஆகும்? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி புதுச்சேரிப் பிரதேசத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 46 பேர் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். அந்த வீடுகளில்தான் பிள்ளைகள் வளர்கின்றன.

வீட்டுக்குப் பங்கே இல்லையா? உண்டு, ஆனால் எல்லை உண்டு. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் பிரித்த பிரிவினை எனக்குப் பிடிக்கும்: என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர் வேலை, எவ்வளவு என்பது பிள்ளையின் வயிறு சொல்வது. நம் வீடுகளில் நேர் தலைகீழ். என்ன வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்துத் தீர்மானிக்கிறது. எவ்வளவு என்று நாம் துரத்தித் துரத்தி ஊட்டுகிறோம். தட்டைக் காலி செய்யச் சொல்லாதீர்கள். 'குண்டு' என்று செல்லமாகக்கூடக் கூப்பிடாதீர்கள். பிஸ்கட் டப்பாவை வீட்டில் வாங்கி வைக்காமல் இருப்பது, வைத்துவிட்டு மறுப்பதைவிட எளிது.

வீட்டுக்கு வெளியே உள்ள பங்கைக் கேட்கவும் வழி இருக்கிறது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறை சொல்கிறது. 50 மீட்டர் என்பது ஏறக்குறைய எழுபது தப்படி. உங்கள் பிள்ளையின் பள்ளி வாசலிலிருந்து நடந்து பாருங்கள். எத்தனை சரம் தொங்குகிறது என்று எண்ணுங்கள். காரைக்கால் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன, எனவே சர்க்கரைப் பலகை அவற்றுக்கும் பொருந்தும். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர், பாதி பெண்கள். டாக்டர் அறையில் தலைகுனிந்து உட்கார்ந்த அதே அம்மாவுக்கு அங்கே ஒரு நாற்காலி இருக்கிறது. பலகையை எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று அவள் அங்கிருந்து கேட்கலாம்.