சிரிஞ்சில் தங்கும் மிச்சம்

ஆண்டுக்கு இரண்டே ஊசி போட்டுக்கொண்டால் எச்.ஐ.வி. அண்டாது என்று லெனகாபவிர் மருந்தைச் செய்திகள் கொண்டாடுகின்றன. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வில் அதைப் போட்டுக்கொண்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. மகிழ வேண்டிய விஷயம்தான். ஆனால் நோயின் கதையே முடிந்ததாகப் பேசுவது அவசரம். மாஸ்கோவில் கட்டட வேலை பார்க்கும் தஜிகிஸ்தான் தொழிலாளிகளில் ஹெராயின் ஊசி போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஆபத்து எந்த வழியாக வருகிறது என்று பார்த்தால், மருந்து மட்டும் அங்கே போதாது என்பது புரியும்.

சிரிஞ்சின் தண்டை அடிவரை அழுத்தினாலும் உள்ளே இருப்பது முழுக்க வெளியே வராது. ஊசியைக் கழற்றி மாட்டும் வகையில் ஏறத்தாழ 84 மைக்ரோலிட்டர் தங்கும். ஊசி நிலையாகப் பதிந்த இன்சுலின் சிரிஞ்சில் 2 மைக்ரோலிட்டர்தான். ஊசி ரத்தக்குழாயில் இறங்கியதா என்று பார்க்க முதலில் ரத்தத்தைச் சற்று உள்ளே இழுப்பதால், அந்த மிச்சத்தில் ரத்தமும் இருக்கும். சட்டியின் அடியில் ஒட்டிய மோர் அடுத்து ஊற்றும் பாலையும் தயிராக்குவதுபோல, அது அடுத்தவரின் உடலில் வேலையைத் தொடங்கிவிடும். வாயகன்ற சட்டி என்றால் ஓர் அலசலில் சுத்தமாகும்; கழுத்து குறுகிய கூஜாவை எத்தனை முறை அலசினாலும் ஓரத்தில் மோர் நிற்கும். கழற்றி மாட்டும் சிரிஞ்சு கூஜா ஜாதி. ஒரு விஷயத்தில் மட்டும் இந்த உவமை தலைகீழ்: வெயில் காலத்தில் பால் சீக்கிரம் தோயும், இந்த வைரஸுக்கோ சூடு ஆகாது. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரத்தம் தங்கிய சிரிஞ்சுகளைச் சேமித்துவைத்துப் பார்த்தார்கள். 27 டிகிரியும் அதற்கு மேலும் இருந்தபோது ஒரு வாரத்துக்குப் பின் வீரியமுள்ள வைரஸ் கிடைப்பது அரிதாயிற்று. 4 டிகிரியில் வைத்தவற்றில் பாதியளவில் 42 நாள் கழித்தும் இருந்தது. பனிக்காலம் நீண்ட மாஸ்கோவுக்கு இது நல்ல செய்தி அல்ல.

அடுத்தவர் ஊசியைத் தொடாதவருக்கும் தொற்று வருகிறது. நாலு பேர் காசு சேர்த்து ஒரு பொட்டலம் வாங்கி, ஒரே கரண்டியில் கரைத்து, ஒரு சிரிஞ்சில் உறிஞ்சி, அளவுக்கோடு பார்த்து மற்ற சிரிஞ்சுகளுக்குள் பங்கிடுகிறார்கள். ஆளுக்கொரு ஊசிதான். ஆனால் பங்கிட்ட சிரிஞ்சு பழையது என்றால் அதன் மிச்சம் நாலு பேருக்கும் போகும். கருத்துக்கணிப்பில் 'ஊசியைப் பகிர்ந்ததில்லை' என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை, கேள்வி தப்பு.

மருந்துக்கடையில் சிரிஞ்சு கிடைக்கிறதே, புதிதாக வாங்கினால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஆவணம் சரியில்லாத வெளிநாட்டவருக்குப் போலீஸ் சோதனையில் பையில் சிரிஞ்சு அகப்படுவதே பெரிய அச்சம். அதனால் ஊசி போடும் இடத்துக்கு வெறுங்கையோடு போகிறார், அங்கே இருப்பதை எடுத்துக்கொள்கிறார். நோயை இந்தத் தொழிலாளிகள்தான் கொண்டுவருகிறார்கள் என்ற வாதமும் நிற்காது: ரஷ்யாவில் எச்.ஐ.வி. தஜிகிஸ்தானைவிடப் பல மடங்கு பரவலானது. போதை ஊசி வழியே அது ரஷ்யாவில் வெடித்துப் பரவியது 1990களின் நடுவில்.

பழக்கத்தை விடத்தான் சிகிச்சை இருக்கிறதே என்பார்கள். ஹெராயினுக்கு மாற்றாக வாய்வழி மெத்தடோன் கொடுக்கும் சிகிச்சையைத் தஜிகிஸ்தான் 2010இல் தொடங்கியது. ரஷ்யாவில் அதற்குத் தடை. பிழைப்புக்காக எல்லை தாண்டியவர் சிகிச்சையைப் பின்னால் விட்டுவிட்டுத்தான் போகிறார். லெனகாபவிர் போடவும் முதலில் எச்.ஐ.வி. பரிசோதனை வேண்டும். ரஷ்யாவின் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்தப் பரிசோதனையில் தொற்று தெரிந்த வெளிநாட்டவரை நாடு கடத்தலாம். அந்தச் சட்டம் இருக்கும்வரை அவர் பரிசோதனைக்கு வருவார் என்று எதிர்பார்க்க முடியாது.