கடலில் தத்தளிப்போரும் ஆகாயத்துக் கண்ணும்

ஸ்ரீவைகுண்டம் ரயில்வே ஸ்டேஷனைத் தூத்துக்குடி ஜில்லாவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். 2023-ம் வருஷம் டிஸம்பர் 17-ந் தேதி இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் அங்கே வெள்ளத்தின் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஏறக்குறைய 800 பிரயாணிகள். தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போயின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! ரஸ்தாக்கள் அறுந்தன, டெலிபோன்கள் ஊமையாயின. ஹெலிகாப்டர்கள் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. பிரயாணிகள் அனைவரும் மீள இரண்டு நாட்கள் சென்றன.

படகும் ஆளும் போதவில்லை என்பது ஒரு கஷ்டம். இருக்கும் படகை எங்கே அனுப்புவதென்று தெரியாதது அதனினும் பெரிய கஷ்டம். எந்தக் கிராமத்தில், எந்த மாடியில், எத்தனை ஜீவன்கள் காத்திருக்கின்றன? இக்கேள்விக்கு விடை சொல்லவே ‘டிரோன்’ என்னும் ஆளில்லாச் சிறு விமானம் வந்திருக்கிறது. ஹெலிகாப்டருக்குத் தளம் வேண்டும், விமானி வேண்டும். இதற்கோ ஒரு மொட்டை மாடி போதும். இருளிலும் மனித உடலின் சூட்டைக் கண்டு காட்டும் காமிராவை இதில் பொருத்தலாம். 2018 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் லெனாக்ஸ் ஹெட் என்னும் கடற்கரையில் அலையில் சிக்கிய இரு வாலிபர்களுக்கு இத்தகைய யந்திரம் ஒரு மிதவையைப் போட்டது. அதைப் பற்றிக்கொண்டு அவர்கள் கரையேறினர்.

ஆனால் இதை மந்திரக்கோலென்று எண்ணிவிட வேண்டாம். சிறு யந்திரத்தின் பாட்டரி அரை மணி நேரந்தான் தாங்கும். புயற்காற்றில் அது தானே விழும். நம்முடைய வெதுவெதுப்பான கடலில், நீருக்கு மேல் தலை மட்டும் தெரியும் மனிதனைச் சூட்டினால் பிரித்தறிவது எளிதன்று. கடலில் காலமும் சத்துருவாகிறது. நீரோட்டத்தில் படகு விலகிய தூரம் இருமடங்கானால், தேடவேண்டிய பரப்பு நான்மடங்காகும்.

2017 நவம்பர் 30-ல் வீசிய ஒக்கிப் புயலில் இதைக் கண்டோம். குமரி ஜில்லாவிலிருந்து ஆழ்கடல் சென்ற மீனவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. தேடும் கப்பல்களில் தங்களையும் ஏற்றிச் செல்லவேண்டுமென்று மீனவர்கள் மன்றாடினர். சிலர் ஏற்றிச் செல்லவும் பட்டனர். காற்று எங்கே தள்ளும், நீர் எங்கே இழுக்கும் என்ற சாஸ்திரம் அவர்களுக்குத் தெரியும். கண்ணாடித் திரைக்குமுன் அமர்ந்திருக்கும் உத்தியோகஸ்தருக்கு அது எங்ஙனம் தெரியும்?

முத்துக் குளிப்பவனின் கயிற்றை மைத்துனன் கையிலேயே கொடுப்பது நம் கரையின் வழக்கம் என்பர். தங்கை விதவையாவதை எவன் பொறுப்பான்? தூத்துக்குடியில் முத்துக் குளிப்பு 1961-உடன் நின்றுபோனாலும், சங்கு குளிப்போர் இன்றும் இறங்குகின்றனர். டிரோனின் விசைப்பெட்டியும் இத்தகைய கயிறே. அது யார் கையில் இருக்கப்போகிறது?

ராமநாதபுரம் ஜில்லா உச்சிப்புளியில் கடற்படையார் 2012-லேயே ஆளில்லா விமானப் பிரிவொன்றை நிறுவினர். அவை பல மணி நேரம் பறக்கும் பெரிய யந்திரங்கள். அவற்றின் தலையாய வேலை தேச பாதுகாப்பு. கரைதோறும் வேண்டுவது சிறியவை. பத்தாவது தேறிய, பதினெட்டு வயது நிரம்பிய எவரும் பயிற்சி பெற்று இவற்றை ஓட்டலாம் என்று 2021-ம் வருஷத்து விதிகளே சொல்லுகின்றன. தருவைகுளத்திலும் புன்னைக்காயலிலும் மணப்பாட்டிலும் அத்தகைய வாலிபர்களுக்குப் பஞ்சமில்லை. பயிற்சிச் செலவைத் தாங்கத்தான் அவர்களுக்குச் சக்தியில்லை.

யந்திரத்திற்கும் அந்நியரைப் பார்த்து நிற்கவேண்டியதில்லை. முழு டிரோன்களை இறக்குமதி செய்வதை 2022 பிப்ரவரியில் இந்திய சர்க்கார் தடுத்துவிட்டனர். உதிரி பாகங்களுக்குத் தடையில்லை. அந்தப் பாகங்களையும் நாமே செய்யாதவரை இது அரைச் சுதேசியந்தான். குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணாக்கர்கள் பல வருஷங்களாக இத்தகைய விமானங்களைச் செய்து பறக்கவிட்டு வருகின்றனர். 1906-ல் சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிய ஊரில் இதற்கொரு தொழிற்சாலை எழுவது அதிக ஆசையாகுமா?

துறைமுகமும் வாகைகுளம் விமான நிலையமும் அருகிலிருப்பதால் பறக்க அனுமதி வேண்டிய இடங்கள் இங்கே பல. அனுமதிக் காகிதம் வெள்ளம் வந்தபின் மேஜைக்கு மேஜை நகர்வதில் பயனில்லை. அக்டோபரில் வடகிழக்குப் பருவம் தொடங்குமுன்பே கலெக்டர் அதைக் கிராமக் குழுக்களின் கையில் கொடுத்து, வேம்பாறிலிருந்து மணப்பாடு வரை ஒரு நாள் ஒத்திகையும் பார்த்துவிட வேண்டும்.