தீபத்துக்கு வந்தவர்களின் பன்னிரண்டு இலக்கம்

திருவண்ணாமலை கார்த்திகைத் தீபத்தில் கணக்கில் வராத பொருள் மிகக் குறைவு. 2,668 அடி உயர மலையின் உச்சிக்குத் தீபம் ஏற்றப் போகும் கொப்பரையின் உயரம் ஐந்தே முக்கால் அடி. நெய் முன்பு 3,500 கிலோ, அண்மை ஆண்டுகளில் 4,500 கிலோ. திரிக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் காடாத் துணி. பதினோரு நாள் எரிந்து முடிந்ததும் கொப்பரை கீழே இறங்கும். எரிந்து மிஞ்சிய மையைக்கூட விடுவதில்லை. ஆருத்ரா தரிசனத்தன்று நடராசருக்குச் சாத்திவிட்டுப் பக்தர்களுக்குப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள்.

இந்தக் கணக்கில் ஏறாமலே ஆண்டுதோறும் சேர்வது ஒன்று உண்டு. வந்தவர்களின் பெயர், கைபேசி எண், ஆதார் எண். இவற்றையும் எண்ணலாம், எடை போடலாம், விலை போடலாம்.

முதலில் கோயிலுக்குள் தீபம் பார்க்கும் சீட்டு. 2023 தீபத்தில் அதிகாலைப் பரணி தீபத்துக்கு 500 ரூபாய்ச் சீட்டு 500. மாலை மகா தீபத்துக்கு 600 ரூபாய்ச் சீட்டு 100, 500 ரூபாய்ச் சீட்டு 1,000. ஆக 1,600 சீட்டு, வரவு 8 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய். விற்பனை கோயில் இணையதளத்தில். ஆதார் எண், கைபேசி எண், மின்னஞ்சல் முகவரி மூன்றும் கேட்டார்கள். ஓர் ஆதாருக்கு ஒரு சீட்டுதான். சீட்டை மொத்தமாக வளைத்து வெளியே கொள்ளை விலைக்கு விற்பதைத் தடுக்க இப்படி ஒரு வேலி வேண்டும், மறுக்க முடியாது. ஆனால் வேலிக்கு எத்தனை இலக்கம் போதும்?

ஆதாரின் 12 இலக்கம் வீதம் 1,600 பேருக்கு 19,200 இலக்கம். கடைசி 4 இலக்கத்தை மட்டும் வாங்கினால் 6,400. நான்கு இலக்கத்தில் 10,000 எண்கள்தான் உண்டு என்பதால், 1,600 பேரில் சுமார் 128 ஜோடிகளுக்கு ஒரே எண் விழும். பெயரையும் பிறந்த ஆண்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்த ஒற்றுமை ஏறக்குறைய ஒழிந்துவிடும். ஒருவருக்கு ஒரு சீட்டு என்ற விதியும் நிற்கும், 12,800 இலக்கம் கணினிக்குள் போகாமலும் நிற்கும். வாசலில் சீட்டையும் அட்டையையும் ஒத்துப் பார்க்கும் காவலருக்கும் இதற்கு மேல் தேவையில்லை.

அடுத்தது மலை. எனக்கு அதிகக் கவலை இங்கேதான். 2022-லும் 2023-லும் தீபத்தன்று மலையேற முதலில் வரும் 2,500 பேருக்கு மட்டும் அனுமதி. விடியற்காலையிலேயே அரசு கலைக் கல்லூரியில் வரிசை. ஆதார் அல்லது வாக்காளர் அட்டையின் ஜெராக்ஸைக் கொடுத்துவிட்டு அனுமதி அட்டை வாங்க வேண்டியிருந்தது. மேலே ஒருவருக்கு ஏதாவது ஆனால் யாரென்று தெரிய வேண்டும் அல்லவா? 2024 டிசம்பர் 1 அன்று இதே மலையின் அடிவாரத்தில், வ.உ.சி. நகரில், மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு பக்தர்களை மேலே விடவே இல்லை. எனவே பதிவே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. கேள்வி, இறங்கி வந்தபின் அந்தத் தாள் எங்கே போயிற்று என்பது. தண்ணீர் பாட்டில் கொண்டுபோனால் காலிப் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. ஜெராக்ஸ் திரும்புவதற்கு நிபந்தனை இருக்கவில்லை.

2,500 ஏ4 தாள் என்றால் 5 ரீம். 75 கிராம் தாளாக இருந்தால் ஒன்றின் எடை 4.7 கிராம், மொத்தம் 11.7 கிலோ. ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய் என்றால் பக்தர்கள் ஜெராக்ஸ் கடையில் கொடுத்தது 5,000 ரூபாய். பழைய பேப்பர் கடையில் கிலோ 15 ரூபாய்க்குப் போட்டால் வருவது 175 ரூபாய். தலைக்கு 7 பைசா. புகைப்படம், பெயர், பிறந்த தேதி, முகவரி, 12 இலக்கம் எல்லாம் சேர்த்துத்தான் இந்த விலை. அலுவலகத் தாளில் கட்டிய பஜ்ஜியைப் பிரித்து, எண்ணெய் ஊறிய இடத்தில் யாரோ ஒருவரின் பெயரையும் முகவரியையும் வாசித்தவர்கள் இந்த நாட்டில் நிறையப் பேர்.

2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஜெராக்ஸைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவித்தது. இரண்டே நாளில் ஆணையம் அதைத் திரும்பப் பெற்றது. அறிவிப்புதான் போயிற்று, மறைப்பு ஆதார் இன்றும் இருக்கிறது. ஆணையத்தின் தளத்தில் காசில்லாமல் பதிவிறக்கலாம். மலைக்கு வரும் 2,500 பேரும் அதைக் கொண்டுவந்தால் 20,000 இலக்கம் தாளில் ஏறாது.

லாட்ஜ் கணக்கு இதைவிடப் பெரிது, காரணம் அது மாதாமாதம் வருகிறது. பௌர்ணமி இரவு மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடந்து வந்தவரிடம் ரிசப்ஷனில் சொல்வது: “ஜெராக்ஸ் இல்லேன்னா பரவாயில்ல சார், ஆதாரை வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க.” அது பெரும்பாலும் அங்கே உட்கார்ந்திருக்கும் பையனின் சொந்தக் கைபேசி. ஒரு லாட்ஜில் 30 அறை, அறைக்கு இருவர், ஆண்டுக்கு 12 பௌர்ணமி என்று வைத்தால் 720 படம், பௌர்ணமிகளில் மட்டும். அவன் வேலையை விட்டுப் போகும்போது அத்தனையும் அவனோடு போகும்.

சட்டம் என்ன சொல்கிறது? எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2023 ஆகஸ்ட் 11-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியப் பிரிவுகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடப்புக்கு வருகின்றன. தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம், கசிந்ததைச் சொல்லாமல் விட்டால் 200 கோடி வரை. தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம், இரண்டு ஓட்டை இருக்கிறது. கணினியில் ஏறாத தாளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அந்த 11.7 கிலோ அப்படியே வெளியே. அடுத்து, தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும் என்ற கடமையிலிருந்து 17(4) பிரிவு அரசுக்கு விலக்குக் கொடுக்கிறது. அரசு தரும் சேவை, அனுமதி போன்றவற்றுக்குத் தேவைப்படும் வரைதான் வைத்திருக்கலாம் என்று விதிகளின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது, தேதி போடவில்லை. தமிழ்நாட்டில் 2021 ஜூனில் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் விவரம் இணையத்தில் கசிந்திருப்பதாக ஒரு சைபர் பாதுகாப்பு நிறுவனம் சொன்ன பிறகும், தேதி போடாமல் சேர்த்துக்கொண்டே போவது எனக்குப் புரியவில்லை.

குழந்தைகள் கையில் காவல்துறை கட்டும் பட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைச் சேர்த்துவைக்கும் நல்ல ஏற்பாடு அது. பெற்றோரின் எண் அதில் கட்டாயம் இருக்கட்டும். குழந்தையின் பெயர் மட்டும் வேண்டாம். முன்பின் தெரியாதவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாலு வயதுப் பிள்ளை நம்பிப் பின்னால் போய்விடும். பெயரை நீக்குவதற்குச் செலவு 0 ரூபாய்.

மற்ற செலவுகளையும் போட்டுவிடலாம். மலைக்கு ஜெராக்ஸ் வாங்காமல், அனுமதி அட்டையின் வரிசை எண்ணுக்கு எதிரே பெயரும் வீட்டாரின் கைபேசி எண்ணும் எழுத நோட்டு: ஒன்றில் 500 பேர் வீதம் 5 நோட்டு, 100 ரூபாய் என்றாலும் 500 ரூபாய். ஆதார் அட்டை அசல்தானா என்று அதிலுள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பார்க்கலாம், எண்ணைக் குறிக்க வேண்டியதில்லை. தீபம் முடிந்த 30-ஆம் நாள் நோட்டுகளைத் துண்டு துண்டாக்க ஒரு சிறிய இயந்திரம், சில ஆயிரம் ரூபாய், பல ஆண்டு உழைக்கும். சீட்டுப் பக்கத்தில் இரண்டு வரி: எதற்காகக் கேட்கிறோம், எந்தத் தேதியில் அழிப்போம். எல்லாம் சேர்த்தாலும் 600 ரூபாய்ச் சீட்டு இருபது விற்ற பணத்துக்குள், அதாவது 12,000 ரூபாய்க்குள், அடங்கிவிடும். அழித்ததற்கு ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்டு அந்தத் தாளைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். அடுத்த தீபத்துக்குச் சீட்டு விற்பனை தொடங்கும் முன்பே இவ்வளவையும் செய்து முடிக்கலாம். 2027 மே வரை காத்திருக்கத் தேவையில்லை.