ஹெட் ஆபீஸ் மறந்துபோன ஆசாமி!

ஒரு சின்னக் கற்பனை. உங்களை வெளியூர் பிராஞ்சுக்கு மாற்றல் செய்கிறார்கள். கொஞ்ச காலத்தில் கம்பெனியையே இழுத்து மூடிவிடுகிறார்கள். பணமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். இடத்துக்குச் சொந்தக்காரர் வாடகை பாக்கி கேட்டு வாசலில் நிற்கிறார். என்ன செய்வீர்கள்?

"சாவியைக் கையில கொடுத்துட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பேன் சார்!" என்பவர்கள் விவரமானவர்கள். தரங்கம்பாடியில் ஓர் ஆசாமி அப்படிச் செய்யவில்லை. 14 வருடம் ஆபீஸைத் திறந்தே வைத்திருந்தார். செலவுக்குப் பணம்? கடலில் போகிற கப்பல்களைப் பிடித்தார்!

பெயர் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கெ. டென்மார்க் தேசத்துக்காரர். பெரிய இடத்துப் பிள்ளை இல்லை, நம்மைப் போலச் சாதாரண மனிதர்.

டேனிஷ்காரர்களுக்கு நம் கடல் வைத்த வரவேற்பே பலமானது. 1619-ல் முதலில் வந்த கப்பலைக் காரைக்கால் பக்கம் போர்த்துக்கீசியர்கள் சுட்டு மூழ்கடித்தார்கள். அதிலிருந்து தப்பிய கிராப்பே என்பவர் தஞ்சாவூர் போய் ரகுநாத நாயக்கரைப் பார்த்தார். 1620-ல் ஒப்பந்தம் ஆயிற்று. வருடாவருடம் குத்தகைப் பணம், பதிலுக்குத் தரங்கம்பாடியில் வியாபாரம். டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்தது.

வியாபாரம்தான் எழவில்லை. டென்மார்க் மன்னருக்கு ஐரோப்பாவிலேயே ஏகப்பட்ட யுத்தம், ஏகப்பட்ட கடன். இந்த லட்சணத்தில் 1642-ல் தரங்கம்பாடி மானேஜர் பெஸ்ஸார்ட் ஒரு காரியம் செய்தார். வங்காளத்தில் தங்களுக்கு நஷ்டம் செய்துவிட்டார்கள், ஈடு தரவில்லை என்று சொல்லி, மொகலாயப் பேரரசின் மீதே போர்ப் பிரகடனம்! ஷாஜகான் ஆண்ட காலம் அது. லட்சக்கணக்கில் படை. இந்தப் பக்கம் ஒரு கோட்டை, விரல்விட்டு எண்ணக்கூடிய கப்பல்கள். கொசு யானையைச் சண்டைக்குக் கூப்பிட்ட கதைதான்.

ஆனால் கொசு ஒரு விஷயம் தெரிந்துதான் கூப்பிட்டது. இந்த யானைக்குக் கடலில் சண்டை போடத் தெரியாது. மொகலாயர்களின் வங்காளப் படகுப் படை ஆற்றில் சண்டை போடுகிற படை. நடுக்கடலில் துரத்திப் பிடிக்கும் பீரங்கிக் கப்பல்கள் அவர்களிடம் இல்லை.

பாய்மரக் கப்பல் சண்டை சினிமாவில் வருகிற மாதிரி இருக்காது. மூழ்கடித்தால் சரக்கு போச்சு! ஆகவே கப்பலின் அடிவயிற்றில் சுட மாட்டார்கள். பாயையும் கயிற்றையும் மரத்தையும் கிழித்துப் போட்டால் போதும், கப்பல் நொண்டியாகிவிடும். காற்று வருகிற பக்கத்தைப் பிடித்துக்கொண்டவன் கைதான் ஓங்கும். நெருங்குவதும் விலகுவதும் அவன் இஷ்டம். பிறகு பக்கத்தில் அணைத்து ஆட்களை ஏற்றுவார்கள். வங்காள வியாபாரிகளின் கப்பல்கள் சரக்குக்காகக் கட்டியவை. பெரும்பாலும் சண்டையே வேண்டியிருக்காது.

வாடைக் காற்றில் தெற்கே இறங்கி வருகிற கப்பலை மடக்கினால் இரட்டை லாபம். சரக்கை விற்கலாம், கப்பலையும் தன் கொடியைக் கட்டி ஓட்டலாம். அதைக் கொண்டு அடுத்த கப்பலைப் பிடிக்கலாம். முதலில்லாத பிசினஸ்!

1650-ல் டேனிஷ் கம்பெனி கலைக்கப்பட்டது. 1655 வாக்கில் கோட்டையில் மிஞ்சிய ஒரே டேனிஷ்காரர் கோங்ஸ்பாக்கெதான். அவருக்குத் துணை உள்ளூர்ச் சிப்பாய்களும் போர்த்துக்கீசியக் கலப்பு வழிவந்தவர்களும். தஞ்சாவூர் நாயக்கர் குத்தகை பாக்கிக்காகப் படையோடு வந்தார். கோங்ஸ்பாக்கெ அசரவில்லை. கப்பல் பிடித்த காசில் ஊரைச் சுற்றி மதில் கட்டினார், நாயக்கரோடு சமாதானமும் பேசினார்.

1669-ல் டென்மார்க்கிலிருந்து 'ஃபேரோ' என்ற கப்பல் வந்தது. கோட்டை யார் கையில் இருக்குமோ என்ற சந்தேகத்தோடு வந்தவர்களுக்கு, டேனிஷ் கொடி பறப்பதைப் பார்த்ததும் எப்படி இருந்திருக்கும்! ஆசாமியையே கவர்னராக உறுதி செய்தார்கள். நம்ம ஊர் பாஷையில், பர்மனென்ட் ஆர்டர்!

கைதட்டத் தோன்றுகிறது. எனக்கும் தோன்றியது. ஆனால் பி.காம். படித்த புத்தி சும்மா இருக்கிறதா? ஒரு பக்கம் வரவு என்றால் இன்னொரு பக்கம் பற்று இருந்தாக வேண்டுமே! மதிலின் ஒவ்வொரு கல்லுக்கும் வங்காளத்தில் யாரோ ஒரு வியாபாரியின் கணக்கில் நஷ்டம் எழுதப்பட்டிருக்கும். கடன் வாங்கிச் சரக்கு ஏற்றியவர், கூலிக்குக் கப்பலேறிய மாலுமி, இவர்களெல்லாம் யாருடைய குத்தகை பாக்கிக்கும் பொறுப்பில்லை. ஈடு கேட்டு ஆரம்பித்த சண்டை 1698 வரை, 56 வருடம் இழுத்தது. அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

கடலுக்கும் ஒரு கணக்கு உண்டு போலிருக்கிறது. 1807-ல் கோபன்ஹேகனைக் குண்டு வீசிப் பணியவைத்த பிரிட்டிஷார், டென்மார்க்கின் போர்க் கப்பல் படையையே ஓட்டிக்கொண்டு போனார்கள். மறு வருடம் தரங்கம்பாடியும் அவர்கள் கைக்குப் போய், 1815-ல்தான் திரும்பி வந்தது. 1845-ல் டென்மார்க் தன் இந்தியக் குடியேற்றங்களை 12½ லட்ச ரூபாய்க்கு பிரிட்டிஷ் கம்பெனிக்கு விற்றுவிட்டது.

டேன்ஸ்போர்க் இன்று தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். போனால் மேல்தளத்தில் நின்று கடலைப் பாருங்கள். ஆழமான துறைமுகம் எதுவும் கண்ணில் படாது. அந்தக் காலக் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட, படகில்தான் சரக்கு கரைக்கு வரும். பிடிபட்ட கப்பல்களும் அங்கேதான் நின்றிருக்கும்.

விசுவாசமான ஊழியரா, கடல் கொள்ளைக்காரரா கோங்ஸ்பாக்கெ? கோபன்ஹேகனில் கேட்டால் ஒரு பதில், வங்காளத்தில் கேட்டால் வேறு பதில். இரண்டும் ஒரே லெட்ஜரின் இரண்டு பக்கங்கள்!